ஷோ-ரூம் விலையும் வாசல் விலையும்

புடவைக் கடையில் ஐம்பது ரூபாய் குறைக்காமல் எழுந்திருக்க மாட்டோம். மீன்காரியிடம் கூட எடையைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் வீட்டுக்குக் கார் வாங்கும் நாளில் மட்டும், ஷோ-ரூமின் குளிர்ந்த அறையில் அவர்கள் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, "எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஓரமாக உட்கார்ந்துவிடுகிறோம். பத்து வருஷச் சேமிப்பு போகிற இடம் அது! கொஞ்சம் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், சகோதரிகளே.

ராமநாதபுரத்தில் ஓர் ஆசிரியை கார் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். மாமியாரை அமாவாசைக்கு அமாவாசை ராமேசுவரம் அக்கினி தீர்த்தத்துக்கு அழைத்துப் போக வேண்டும்; பஸ்ஸில் ஏறி இறங்க அந்த அம்மாளின் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. விளம்பரத்தில் 8 லட்சம் என்று போட்டிருக்கிறது. 'டி.என். 65' என்ற எண்ணுடன் வண்டி வாசலுக்கு வருவதற்குள் கணக்கு ஒன்பதரை லட்சத்தை எட்டிப் பிடித்துவிடுகிறது. நடுவில் நுழைந்த பணம் யார் யாருக்குப் போகிறது?

அமெரிக்காவில் இதற்கென்றே 1958-ல் ஒரு சட்டம் வந்தது. புது வண்டியின் கண்ணாடியில் கம்பெனி சொல்லும் விலை இன்னது, கூடுதல் சாமான்களுக்கு இன்னது என்று சீட்டு ஒட்டியே ஆக வேண்டும். சட்டத்தைக் கொண்டுவந்த செனட்டர் மன்றோனியின் பெயரே அந்தச் சீட்டுக்கு நிலைத்துவிட்டது. நம் ஊரில் அந்த வேலையைச் செய்வது கம்பெனி வெளியிடும் ஷோ-ரூம் விலைப் பட்டியல். ஜி.எஸ்.டி. வரியும் விற்பனையாளரின் லாபமும் அந்த விலைக்குள்ளேயே அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு இந்த வரி 18 சதவிகிதம். பெரிய கார்களுக்கு 40. நம் ஆசிரியையின் 8 லட்சத்தில் சுமார் 1,22,000 ரூபாய் இப்படி வரியாகவே போகிறது.

அதற்கு மேல் வருவது மாநில அரசின் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 5 லட்சம் வரை 12 சதவிகிதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கும் மேலே 20. எட்டு லட்சத்துக்கு 1,04,000 ரூபாய். இதில் பேரம் கிடையாது. ஆனால் ஒரு சூட்சுமம் உண்டு. 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350. "இன்னும் பத்தாயிரம் போட்டால் மேல் ரகம் கிடைக்கும், அக்கா" என்று 10,05,000 ரூபாய் வண்டியைக் காட்டுவார்கள். அதற்கு வரி 1,80,900! பத்தாயிரத்துக்காக அரசாங்கத்துக்கு மட்டும் 51,550 ரூபாய் அதிகம். கண்ணாடி வைத்த கூரைக்கு இது கட்டுமா என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியதுதான்.

பத்து லட்சத்தைத் தாண்டினால் இன்னொன்றும் உண்டு. விலையில் 1 சதவிகிதத்தை வருமான வரிக் கணக்கில் விற்பனையாளர் வசூலித்துக் கட்டுவார். அது நம் பணம். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். கேட்டு வாங்காவிட்டால் போனது போனதுதான்.

இன்ஷூரன்ஸ் பக்கம் வருவோம். மூன்றாம் நபருக்கான பாலிசியைப் புதுக் காருக்கு 3 வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்பது 2018 செப்டம்பரில் வந்த ஏற்பாடு. அதன் கட்டணத்தை அரசாங்கமே நிர்ணயிக்கிறது. எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். நம் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி அப்படியல்ல; கம்பெனிக்குக் கம்பெனி மாறும். "இங்கேதான் எடுக்க வேண்டும்" என்று ஷோ-ரூமில் சொன்னால் நம்பாதீர்கள். யாரிடம் எடுப்பது என்பது வாங்குகிறவர் இஷ்டம். வெளியே இரண்டு இடத்தில் விசாரித்து எண்ணைக் காட்டினாலே, அதுவரை குறையாத தொகை குறைய ஆரம்பிக்கும்.

கடைசியில் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் 'கையாளும் கட்டணம்' என்று ஒரு வரி இருக்கும்.

"இது என்ன, தம்பி?"

"எல்லாரும் கொடுக்கிறதுதான், அக்கா."

"யார் எதைக் கையாண்டதற்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் இராது. வண்டியை ஷோ-ரூம் வரை கொண்டுவந்த செலவு விலையிலேயே சேர்ந்துவிட்டது. அடித்துவிடச் சொல்லுங்கள்.

நம் கரைக்கென்றே ஒரு தூண்டில் இருக்கிறது: உப்புக் காற்று. பாம்பன் பக்கம் இரும்பு என்ன பாடுபடும் என்பதற்கு 1914-ல் திறந்த ரயில் பாலமே சாட்சி. துருவோடு மல்லுக்கட்டியே அதன் காலம் போயிற்று. அந்தப் பயத்தைக் காட்டி அடிப்பாகப் பூச்சு, மேல் பூச்சு என்று ஆயிரக்கணக்கில் சேர்ப்பார்கள். பயம் பொய்யல்ல. ஆனால் இந்தக் காலத்துக் காரின் உடலைத் தொழிற்சாலையிலேயே துருத் தடுப்புக் கலவையில் முழுக்கி எடுத்துத்தான் வர்ணம் அடிக்கிறார்கள். முதலில் வாரண்டிப் புத்தகத்தில் துருவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பூச்சு வேண்டும் என்றே தோன்றினால் வெளியிலும் விலை கேளுங்கள். அவசரமாகப் பூசி, கதவின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துவாரங்களை அடைத்துவிட்டால், உள்ளே தேங்கும் ஈரமே துருவை வளர்க்கும். தனுஷ்கோடிக்கு 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு, மணலும் உப்பும் படிந்து திரும்புகிற வண்டிகள் அதிகம். வீடு திரும்பியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் விட்டு அலசுவது பூச்சைவிட மலிவு.

அம்பாஸடர், பியட் காலத்தில் வருஷக் கணக்கில் காத்திருந்து, முறை வந்தவருக்கு மேல்பணம் கொடுத்துக்கூட வண்டி வாங்கினார்கள். இன்று ராமநாதபுரத்தில் பிடிக்கவில்லையென்றால் மதுரை இருக்கிறது. இரண்டு ஊரிலும் முழு விலைப் பட்டியலை எழுத்தில் வாங்கி, ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். முன்பணத்துக்கு ரசீது, வண்டி எந்த மாதம் எந்த வருஷம் தயாரானது என்ற விவரம், இரண்டும் கையில் வந்த பிறகு மாமியாரை நல்ல நாள் பார்க்கச் சொல்லுங்கள்.