வெட்டிய முள்ளை அள்ளுவது யார்? டிராக்டர் பக்கெட்டுக்கு இரும்புக் கவை. ஆபத்தைத் தடுப்பது 2 கடையாணி!

ஆலங்குளம்,

சீமை கருவேல மரத்தை வெட்டச் சொல்லி ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. அரசாங்கம் கொள்கை வகுத்தது. ஜே.சி.பி. எந்திரங்கள் ஊர் ஊராகச் சுற்றின. ஆனால் வெட்டிப் போட்ட முள்ளை அள்ளுவதற்கு மட்டும் ஆள் கிடைப்பது இல்லை!

அந்த வேலைக்கு என்றே ஒரு சாமான் உண்டு. டிராக்டரின் முன்பக்க பக்கெட்டில் மாட்டுகிற இரும்புக் கவை. ஸ்பானர் வேண்டாம், நட்டு முடுக்க வேண்டாம். 2 பின்களைச் சொருகினால் மாட்டலாம். உருவினால் கழற்றலாம். சில நிமிட வேலை.

ஆனால் அந்த பின்னில் அசட்டையாக இருந்தால் ஆளைக் கொன்றுவிடும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

காற்று வீசும் ஊர்

நெல்லை-தென்காசி ரோட்டில் இருக்கிறது ஆலங்குளம். 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் 22-ந்தேதி தென்காசி தனி மாவட்டம் ஆனபோது அதில் சேர்ந்தது. தக்காளிக்கும் காய்கறிக்கும் பேர் போன ஊர்.

குற்றாலத்தில் சாரல் விழுந்து அருவி கொட்டுகிற சீசனில், ஆலங்குளம் பக்கம் மழையைவிட காற்றுதான் அதிகம். குளமும் கிணறும்தான் விவசாயிக்கு கதி. மழை பொய்த்த வருஷம் நிலம் தரிசாகக் கிடக்கும். தரிசு கிடந்தால் போதும், சீமை கருவேலம் குடி வந்துவிடும்.

வேலிக்காத்தான் என்றும் இதற்குப் பேர் உண்டு. இப்போது வேலியைத் தாண்டி குளத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

1877-ல் வந்த விருந்தாளி

இந்த மரத்தின் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கம். வெள்ளைக்காரன் ஆட்சியில் 1877-ம் ஆண்டு வாக்கில், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த கடப்பை ஜில்லா கமலாபுரத்தில் இதன் விதையைப் போட்டு வளர்த்தார்கள். விறகுப் பஞ்சம் தீரட்டும் என்பது அன்றைய எண்ணம்.

விறகுப் பஞ்சம் தீர்ந்தது. நிலம் போனது.

இதன் காய் இனிப்பாக இருக்கும். ஆடும் மாடும் விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தில் வந்து விழும். விழுந்த இடத்தில் முளைக்கும். ஆடு போகிற இடமெல்லாம் மரமும் போகும்.

வேர் எவ்வளவு ஆழம் போகும்? அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஒரு சுரங்கம் தோண்டியபோது, இந்த இனத்து மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. அதை விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். 53 மீட்டர் என்றால் 170 அடிக்கு மேல். நம் ஊர்க் கிணறு பலவும் அவ்வளவு ஆழம் இல்லை!

ஜாமீன் வேண்டுமா? 100 மரம் வெட்டு!

ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ இந்த மரத்தை ஒழிக்கக் கோரி மதுரை ஐகோர்ட்டில் வழக்கு தொடர்ந்தார். அவருடைய சொந்த ஊரான கலிங்கப்பட்டி இப்போது இதே தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

அந்த வழக்கில் 2017-ம் ஆண்டு தொடக்கத்தில், மரங்களை அகற்றும்படி நீதிபதிகள் கண்டிப்பான உத்தரவு போட்டார்கள். மதுரை கிளையின் எல்லைக்குள் வரும் 13 மாவட்டங்களிலும் வேலை சூடு பிடித்தது. வேலை நடக்கிறதா என்று பார்க்க வக்கீல்கள் கமிஷனர்களாகப் போனார்கள்.

அரியலூர் கோர்ட்டு ஒரு படி மேலே போனது. அதே 2017-ல், ஜாமீன் கேட்டு வந்தவர்களுக்கு 100 சீமை கருவேல மரங்களை வெட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது!

அந்த ஆண்டிலேயே சென்னை ஐகோர்ட்டு மரம் வெட்ட சில காலம் தடை போட்டது. பிறகு தடை விலகியது. 2022-ல், வெளிநாட்டில் இருந்து வந்து பரவும் செடி கொடிகளை அகற்றுவதற்கு தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது.

இத்தனை நடந்தும் விவசாயியின் கேள்வி ஒன்றுதான்: ‘‘வெட்டிப் போட்டாச்சு. யாரு அள்ளுதது?’’

தடி விலை போகும், செத்தை போகாது

மரத்தின் தடிக்கு ஆள் வரும். விறகுக்குப் போகும், கரி மூட்டத்துக்குப் போகும். மிச்சம் கிடக்கிற முள் செத்தையை யாரும் சீந்த மாட்டார்கள்.

முள் ஒவ்வொன்றும் 2 அங்குலம் வரை நீளும். ரப்பர் செருப்பைத் துளைத்து காலில் ஏறும். உள்ளே ஒடிந்தால் சீழ் பிடிக்கும். முன்பெல்லாம் கவைக்கம்பால் தள்ளி, தொரட்டியால் இழுத்து, கூலி ஆட்கள் முள் அடுக்குவார்கள். இன்று அந்த வேலைக்கு ஆள் கூப்பிட்டால், ‘‘வேற சோலி இருந்தா சொல்லுங்க அண்ணாச்சி’’ என்று நழுவுகிறவர்களே அதிகம்.

சரி, எந்திர பக்கெட்டால் அள்ளினால் என்ன?

அள்ளலாம். ஆனால் பக்கெட் என்பது மண் அள்ளச் செய்த பாத்திரம். முள்ளுக்கு அடியில் கொடுத்தால் மேல் மண்ணையும் சேர்த்து வழிக்கும். முள்ளோ பந்து மாதிரி எழும்பி வெளியே விழும். பாதி நடை மண் நடையாகவே போய்விடும். மண் கலந்த குவியல் சரியாக எரியவும் செய்யாது. விவசாயியின் நல்ல மண் முள்ளோடு போய்விடும். மணிக்கணக்கில் வாடகை ஏறும்.

கவைக்கு இந்தக் கோளாறு இல்லை. பல் இடுக்கு வழியே மண் கீழே கொட்டிவிடும். முள் மட்டும் மேலே வரும்.

எப்படிச் செய்வது?

வெல்டிங் பட்டறையில் கிடைக்கிற இரும்பே போதும். அமைப்பு இதுதான்:

ஒரு கனமான குறுக்குச் சட்டம். அதில் 4 அல்லது 5 நீளப் பற்கள். பல் ஒவ்வொன்றும் மூன்று, மூன்றரை அடி நீளம். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே முக்கால் அடி முதல் ஒரு அடி இடைவெளி. பல் முனை கூராக, சற்று மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணில் குத்தி நிற்கும்.

சட்டத்துக்கு அடியில் இரண்டு இரும்புத் தாடைகள். பக்கெட்டின் உதடு இந்தத் தாடைக்குள் போய் உட்காரும். சட்டத்தில் இருந்து இரண்டு கைகள் மேலே ஏறி பக்கெட்டின் மேல் விளிம்புக்கு வரும். அங்கே பக்கெட்டில் இரண்டு காது, கையில் இரண்டு காது. காதுகள் நேராக வந்ததும் பின்னைச் சொருக வேண்டும். பின்னின் நுனித் துளையில் ஒரு கடையாணி.

டிரைவர் பக்கெட்டைச் சாய்த்து, உதட்டைத் தாடைக்குள் விட்டு, மெதுவாகத் தூக்கினால் கவை தானாக வந்து ஒட்டும். இறங்கி 2 பின், 2 கடையாணி. வேலை முடிந்தது.

பாரத்தை எல்லாம் தாங்குவது தாடையும் பக்கெட்டின் உதடும்தான். கவை கழன்று முன்னால் விழாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே பின்னின் வேலை. பாரம் முழுவதையும் பின் சுமக்கும்படி செய்தால், அந்தக் கவை அதிக நாள் உழைக்காது.

மாட்டு வண்டியில் இருந்து டிராக்டருக்கு

கடையாணி புதுச் சாமானா? இல்லை. மாட்டு வண்டியில் சக்கரம் கழலாமல் அச்சின் நுனியில் செருகுகிற அதே ஆணிதான். வள்ளுவர் 667-வது குறளில் தேரின் அச்சாணியைச் சொல்லியிருக்கிறார்.

டிராக்டரில் கருவிகளை சட்டென்று மாட்டிக் கழற்றுவதற்கு வழி காட்டியவர் அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன். டிராக்டருக்குப் பின்னால் கலப்பையை 3 இடத்தில் மாட்டுகிற முறை அவருடையது. 1939-ல் போர்டு டிராக்டரில் அது வந்தது. அதற்கு முன்பு கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால், டிராக்டர் குதிரை மாதிரி முன்னங்காலைத் தூக்கி டிரைவர் மேலேயே கவிழ்ந்துவிடும். பலர் செத்தார்கள். பெர்குசனின் முறை அந்த ஆபத்தையும் குறைத்தது. இன்று நம் ஊர் டிராக்டரின் பின்னால் இருப்பதும் அதே 3 முனை இணைப்புதான்.

ஜே.சி.பி. என்பதும் ஓர் ஆளின் பெயர்தான். 1945-ல் இங்கிலாந்தில் கம்பெனி தொடங்கிய ஜோசப் சிரில் பாம்போர்டின் முதல் எழுத்துகள் அவை.

வெள்ளிக்கோல் கணக்கு

பலசரக்குக் கடைக்காரருக்கு வெள்ளிக்கோல் தெரியும். அதே கணக்குதான் இங்கேயும். பாரம் தூரம் போகப் போக கனம் கூடும்.

பக்கெட்டின் மூட்டில் இருந்து 2 அடி தள்ளி 200 கிலோ மண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 200 கிலோ முள், கவையின் நடுவில், 4 அடி தள்ளி இருந்தால் மூட்டுக்கு அது 400 கிலோ மாதிரி. அதோடு கவையின் சொந்த எடை வேறு. முன் சக்கரம் அமுங்கும். பின் சக்கரம் லேசாகி நிலத்தில் பிடி விடும். பக்கவாட்டுச் சரிவில் திரும்பினால் டிராக்டர் கவிழும்.

ஆகவே பின்னால் எதிர் எடை வேண்டும். பாரத்தை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டக் கூடாது. மேலே மின்சாரக் கம்பி போகிறதா என்று பார்க்காமல் தூக்கவே கூடாது.

காது பிய்ந்தால் போச்சு

ஒரு அங்குல கனமுள்ள பின் லேசில் முறியாது. முதலில் பிய்வது வெல்டிங் செய்த காதுதான். அதனால் காதுக்கு இரண்டு பக்கமும் வெல்டிங் வேண்டும். பக்கெட்டின் வெட்டு உதட்டில் வெல்டிங் வைக்கக் கூடாது. அது கடினப்படுத்திய இரும்பு. சூடு பட்டால் வெடிப்பு விடும். தாடை வைத்து உதட்டைக் கவ்வச் செய்வது அதற்காகத்தான்.

லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையில் பல் செய்யலாம் என்று சிலருக்குத் தோன்றும். மலிவு, உறுதி. ஆனால் அதுவும் கடினப்படுத்திய இரும்பு. இரும்பை முன்கூட்டியே சூடு பண்ணாமல் வெல்டிங் வைத்தால், வெல்டிங் ஓரத்திலேயே கண்ணாடி மாதிரி ஒடியும்.

இதைவிட பெரிய ஆபத்து, கடையாணி தொலைவது! சின்ன ஆணி, முள்ளுக்குள் விழுந்தால் யார் தேடுவது? கட்டுக்கம்பியை முறுக்கி விடுவார்கள், அல்லது துருப்பிடித்த ஆணியை வளைத்து விடுவார்கள். டிராக்டர் குலுங்கக் குலுங்க கம்பி அறும். பின் நழுவும். 5 இரும்புப் பற்களும் முன்னால் நிற்கிற ஆள் மேல் விழும்.

இதற்கு மருந்து ஒரு முழச் சங்கிலி. கடையாணியைச் சங்கிலியில் கோத்து பக்கெட்டோடு பற்றவைத்துவிட்டால் தொலையாது.

ரோட்டில் ஏறுமுன் கழற்று!

காட்டில் ஓட்டுவதோடு விஷயம் முடியவில்லை. ஒரு வயலில் இருந்து அடுத்த வயலுக்குப் போக பஸ் ரோட்டில் ஏற வேண்டும். நெல்லை-தென்காசி ரோட்டில் பஸ்சும் லாரியும் எப்படிப் பறக்கும் என்பதைச் சொல்ல வேண்டியது இல்லை. டிராக்டரின் முன்னால் மார்பு உயரத்துக்கு 5 ஈட்டிகள் நீட்டிக்கொண்டு இருந்தால், எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவன் கதி என்ன? இருட்டிய பிறகு பல் கண்ணுக்கே தெரியாது.

நட்டு முடுக்கிய கவை என்றால் அரை மணி வேலைக்குப் பயந்து கழற்றாமலே ஓட்டுவார்கள். பின் சொருகிய கவையைக் கழற்றி டிரெய்லரில் போட்டுக்கொள்ளலாம். சட்டென்று கழற்றும் வசதியின் பெரிய லாபம் இதுதான்.

டிரைவர்கள் கவனத்துக்கு:

1. வேரைப் பிடுங்க கவையைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு பல்லில் மட்டும் பாரம் ஏறினால் பக்கெட்டே முறுக்கிக்கொள்ளும். வேருக்கு ஜே.சி.பி.தான். வேரை விட்டுவைத்தால் மரம் மறுபடி துளிர்க்கும்.

2. காய் பழுத்து உதிருமுன் அள்ளுங்கள். பிந்தினால் முள்ளோடு விதையையும் ஊர் முழுக்கச் சுமந்தது ஆகும்.

3. ரேடியேட்டருக்கு முன்னால் கம்பி வலை கட்டுங்கள். ஹைட்ராலிக் குழாயில் முள் உரசாமல் மறையுங்கள். முன் டயரில் தினமும் முள் பாருங்கள்.

4. தூக்கிய கவைக்கு அடியில் யாரும் போகக் கூடாது. என்ஜினை நிறுத்துமுன் கவையைத் தரையில் இறக்குங்கள்.

5. காலையில் வண்டி எடுக்குமுன் 2 கடையாணியையும் கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதாது.