மெஷின் சொன்ன கணக்கும் மாமியார் சொன்ன கணக்கும்

சில்லறை எண்ணும் மெஷின் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், என் அனுபவத்தைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்னவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். இப்போது பாதிப் பேர் போனிலேயே பணம் அனுப்பிவிடுகிறார்கள். ஆனாலும் வயதானவர்கள், சந்தைக்கு வருபவர்கள், கண்டக்டர்கள் எல்லாம் சில்லறைதான் தருவார்கள். வாரக் கடைசியில் ஒரு துணிப்பை நிறைய காசு சேர்ந்துவிடும். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் நானும் என் அத்தையும் (மாமியார்) பாய் விரித்து உட்கார்ந்து, பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவோம். எண்ணி முடிக்க இரண்டு மணி நேரமாகும், இடுப்பு ஒடிந்துவிடும்.

நான் படும் பாட்டைப் பார்த்து, போன வருடம் என்னவர் ஒரு மெஷின் வாங்கி வந்தார். கலந்து கொட்டினால் போதும். ஒரு ரூபாய், இரண்டு, ஐந்து, பத்து என்று தனித்தனிப் பெட்டியில் விழும். மொத்தத் தொகையும் காட்டும். எனக்குப் பிடிபடாத சந்தோஷம்! அத்தை மட்டும், "கையில எண்ணுற காசுதாம்மா கணக்கு" என்றார். "போங்கத்தை, காலம் மாறிப் போச்சு" என்று சிரித்தேன்.

எண்ணிய சில்லறையை ஒரு மொத்த மளிகைக் கடையில் கொடுத்து நோட்டாக மாற்றுவோம். எடுத்துப் போவது, எங்கள் கடையில் நாலு வருடமாக வேலை பார்க்கும் இருபது வயதுத் தம்பி. மெஷின் வந்த முதல் வாரமே, "58 ரூபாய் குறையுது" என்று மளிகைக் கடையிலிருந்து தகவல். அடுத்த வாரம் 71 ரூபாய்.

கைக்கணக்கு இருந்த வரை ஒரு ரூபாய் குறைந்ததில்லை. மெஷின் பொய் சொல்லுமா? என் புத்தி நேராக அந்தத் தம்பியிடம் போய் நின்றது. "வழியில எங்கேயாவது பையை வச்சியாப்பா?" என்றுதான் கேட்டேன். கேட்ட விதத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா, பை முடிச்சைக்கூட நான் அவுக்கலக்கா" என்றான். கண் கலங்கிவிட்டது. மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

மூன்றாம் வாரம் மெஷின் 1,720 ரூபாய் காட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக் கொண்டிருந்த அத்தை, இரண்டு ரூபாய்ப் பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்து, "ஏம்மா, இது பழைய ஒத்த ரூபாயாச்சே, இங்க எதுக்குக் கிடக்கு?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாப் பெட்டியையும் பாயில் கொட்டி, பழையபடி கையால் எண்ணினோம். இரண்டு ரூபாய்ப் பெட்டியில் பழைய ஒரு ரூபாய் 46. ஐந்து ரூபாய்ப் பெட்டியில் புது இரண்டு ரூபாய் 10. இரண்டு ரூபாய்ப் பெட்டியிலேயே புது ஐந்து ரூபாய் 4. கூட்டிக் கழித்தால் உண்மைத் தொகை 1,656. மெஷின் 64 ரூபாய் அதிகமாகச் சொல்லியிருக்கிறது!

பிறகு விசாரித்ததில்தான் விவரம் புரிந்தது. இந்த மாதிரி மெஷின்கள் காசின் மேலே இருக்கும் எழுத்தைப் படிப்பதில்லை; அகலத்தை வைத்துத்தான் பிரிக்கின்றன. நம் நாட்டிலோ ஒரே மதிப்புக் காசு பல அளவுகளில் புழங்குகிறது. 1992 முதல் வந்த எவர்சில்வர் ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர். 2011ல் வந்த இரண்டு ரூபாயும் அதே 25. 2019ல் வந்த ஐந்து ரூபாயும் 25! 2011 ஐந்து ரூபாயும் 2019 இரண்டு ரூபாயும் 23. பத்து ரூபாயும் இருபது ரூபாயும் 27. மெஷின் என்ன செய்யும், பாவம்!

அன்று ராத்திரியே நானும் என்னவரும் தம்பி வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா முன்னால், "தப்பு எங்க மேலதான்ப்பா" என்று சொன்னேன். அவன் பேசவில்லை; அவன் அம்மாதான் உட்காரச் சொல்லி, காபி கொடுத்தார். இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தான். ஆனாலும் இன்றுவரை, பையை எடுக்கும் முன் என் முன்னால் ஒரு தடவை எண்ணிவிட்டுத்தான் தூக்குகிறான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

நீங்கள் மெஷின் வாங்குவதானால், நான் பட்டுத் தெரிந்து கொண்டவை:

* வீட்டு உண்டியலுக்கு மெஷின் தேவையே இல்லை. சமையலறை எலக்ட்ரானிக் தராசு போதும். ஒரே மாதிரிக் காசாகப் பிரித்து நிறுத்துப் பாருங்கள். 2011 ஒரு ரூபாய் 100 காசு சுமார் 379 கிராம். 2019 ஒரு ரூபாய் 100 காசு 309 கிராம். பித்தளை நிற ஐந்து ரூபாய் (23 மில்லிமீட்டர்) 100 காசு 600 கிராம். பழசையும் புதுசையும் கலந்து நிறுக்காதீர்கள்.

* சிறு கடைக்கு, கலந்து பிரிக்கும் மெஷினை விட, ஒரே வகைக் காசை எண்ணி 100 ஆனதும் நிற்கும் மெஷின் நல்லது. பிரிப்பதை நம் கண்ணே செய்யட்டும்.

* அகலத்தோடு உலோகத்தையும் சோதிக்கும் மெஷின்கள் உண்டு, விலை அதிகம். தினமும் மூட்டை மூட்டையாகச் சில்லறை வரும் இடத்துக்குத்தான் கட்டுப்படியாகும்.

* கடைக்காரர் வைத்திருக்கும் பளபளப்பான காசில் சோதிக்காதீர்கள். உங்கள் வீட்டுக் காசையே, பழசும் புதுசுமாக 200 எண்ணி எடுத்துப் போய், அங்கேயே ஓட்டிப் பாருங்கள். வெளிநாட்டுக் காசு அளவுக்குச் செய்த மெஷின்களும் விற்பனைக்கு வருகின்றன; ஜாக்கிரதை.

* மஞ்சள், குங்குமம், எண்ணெய்ப் பிசுக்கு உள்ள காசைத் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள். ஊக்கு, பட்டன் கிடந்தால் மெஷின் சிக்கிக் கொள்ளும்.

* பில், கியாரண்டி, உள்ளூரில் ரிப்பேர் பார்ப்பார்களா என்று மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. சில்லறையை வாங்க மறுக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பாலிதீன் பையில் 100 காசு வீதம் கட்டிக் கொடுத்தால் அவர்களுக்கும் சுலபம், நமக்கும் சுலபம்.

எங்கள் மெஷினை இன்னும் வைத்திருக்கிறோம். அத்தை பிரித்துக் கொடுப்பார். நான் ஒவ்வொரு வகையாகப் போட்டு எண்ணுவேன். இப்போது அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. கணக்கில் காசு குறைந்தால், முதலில் மெஷினைச் சந்தேகப்படுங்கள் தோழிகளே. மனுஷரை அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்.