பிடித்த ஆளும் தவறவிட்ட ஆளும்

2018 நவம்பர் 30 விடிகாலையில் வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸ் கான்ஸ்டபிள்கள் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். ஒருவர் தமிழர், மற்றவர் சிங்களவர். அவர்களுடைய துப்பாக்கிகளைக் காணவில்லை. மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தால் வாவியைக் கடந்தால் வவுணதீவு. அதற்கு அப்பால் படுவான்கரை, போர்க்காலத்தில் நெடுநாள் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த நிலம். புலிகளின் மாவீரர் நாள் கழிந்து மூன்றாம் நாள் அது. சந்தேகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல ஒரு துப்பறிவாளரும் தேவைப்படவில்லை.

சில நாட்களுக்குள் முன்னாள் போராளி ஒருவர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளே போனார். ஐந்து மாதங்கள் அப்படியே கழிந்தன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அங்கே மட்டும் இறந்தவர்கள் முப்பது பேர் வரையில்; அவர்களில் பலர் பிள்ளைகள். அன்று நாடு முழுவதும் நடந்த தாக்குதல்களில் 260 பேருக்கு மேல். அதற்குப் பின் நடந்த விசாரணையில்தான் வவுணதீவுக் கொலைகளும், குண்டுகளை வைத்த, காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிமின் குழுவுடைய வேலை என்று வெளிவந்தது. மே மாதம் அந்த முன்னாள் போராளியை விட்டார்கள்.

தேசப் பாதுகாப்பையும் குடிமக்களின் உரிமையையும் ஒரு தராசின் இரு தட்டுகளில் வைத்துப் பேசுவது வழக்கம்: ஒன்று கொஞ்சம் இறங்கினால் மற்றது கொஞ்சம் ஏறுமாம். வவுணதீவில் இரண்டுமே இறங்கின. குற்றமற்ற ஒருவர் ஐந்து மாதங்களை இழந்தார். அந்த ஐந்து மாதமும் கொலையாளிகளுக்குக் கிடைத்தது. வாவியில் வலை வீசுகிறவருக்குத் தெரியும், கூடையில் மீன் இருக்கிறது என்று நினைத்துவிட்டால் மறுபடி வீசக் கை எழாது. ஆள் கையில் இருந்தார்; தேடல் நின்றது.

கையில் ஆளை வைத்திருப்பதைப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அவ்வளவு சுலபமாக்கியிருக்கிறது. சாதாரண குற்றவியல் நடைமுறையில் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமான இது 72 மணி நேரம் கொடுத்தது. அதற்குள் அமைச்சர் தடுப்புக்காவல் உத்தரவொன்றில் கையொப்பமிட்டால், மூன்று மூன்று மாதமாக 18 மாதம் வரை வைத்திருக்கலாம். 2022 மார்ச்சில் செய்த திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி பதிவுசெய்யும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியாகும் என்ற 16ஆம் பிரிவை அந்தத் திருத்தம் தொடவில்லை. வாக்குமூலம் தன் விருப்பத்தோடு கொடுத்ததல்ல என்று நிரூபிக்கும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையில்.

அந்தப் பிரிவு என்ன செய்யும் என்பதற்கு மட்டக்களப்பிலிருந்தே ஒரு வழக்கு ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு வரை போனது. 1993 ஜூலை 16 அதிகாலைச் சுற்றிவளைப்பில் சுமார் 150 தமிழ் ஆண்களோடு நல்லரத்தினம் சிங்கராசாவும் பிடிபட்டு கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே தன்னை மாமரத்தில் கட்டித் தொங்கவிட்டு அடித்ததாக அவர் சொன்னார். சில மாதங்களுக்குப் பின், அவருக்குத் தெரியாத சிங்களத்தில் இருந்த வாக்குமூலத்தில் அவருடைய கைவிரல் அடையாளம் பதிந்தது. யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, ஆனையிறவு முகாம்களின் மீதான தாக்குதல்கள் அவர்மேல் சுமத்தப்பட்டன. சான்று அந்தக் காகிதம் மட்டுந்தான். முதுகில் தழும்பும் இடக்கண்ணில் காயமும் இருப்பதாக மருத்துவ அறிக்கை சொன்னது. 1995இல் மேல் நீதிமன்றம் 50 ஆண்டு விதித்தது. மேன்முறையீட்டில் 35 ஆனது. 2004இல் மனித உரிமைக் குழு, நியாயமான விசாரணை மறுக்கப்பட்டது, அவரை விடுதலை செய்யுங்கள் அல்லது மறுபடி விசாரியுங்கள் என்றது. 2006இல் உயர் நீதிமன்றம், அந்தக் குழுவிடம் முறையிட வழிசெய்த உடன்படிக்கையில் நாடு சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்த்தது. வாசல் ஒன்று திறந்திருக்கிறது என்று நம்பி அவ்வளவு தூரம் போன மனிதருக்குக் கிடைத்த பதில் அதுதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், தடா சட்டத்தின் கீழ் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த சிபிஐ அதிகாரியே, தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை எழுதாமல் விட்டதாக 2013இல் ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வரிக்காக ஒருவர் தூக்குத் தண்டனையின் நிழலில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்.

சட்டத்தில் பல் போதவில்லை, அதனால்தான் உயிர்த்த ஞாயிறு நடந்தது என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று அமலில் இருந்தது 18 மாதம் வைத்திருக்கவிடும் அதே பழைய சட்டம். சஹ்ரானை 2017 மார்ச்சில் காத்தான்குடி அலியார் சந்தியில் நடந்த மோதலிலிருந்து பொலிஸுக்குத் தெரியும். அவரைப் பற்றி முறையிட்டவர்களில் அவருடைய ஊர் முஸ்லிம்களும் இருந்தார்கள். 2019 ஏப்ரல் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. தகவல் இருந்தும் தடுக்கத் தவறியதற்காக 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா செலுத்தச் சொன்னது. இல்லாமற் போனது அதிகாரம் அல்ல, செவி. குண்டுகளுக்குப் பின் அதே சட்டம் காத்தான்குடியின் பக்கம் திரும்பியது. முறையிட்ட சமூகத்திலிருந்தே பலர் உள்ளே போனார்கள். அடுத்த முறை யார் முறையிடப் போவார்கள்?

2021 மே 18 அன்று கிரான் கடற்கரையில் போரில் இறந்தவர்களுக்கு நினைவஞ்சலி செலுத்தியதற்காகப் பத்துப் பேர் இதே சட்டத்தில் பிடிபட்டார்கள். பிணை கிடைத்தது டிசம்பரில். அதற்குமுன், வாகரையில் மக்கள் பட்ட பாட்டை 2006இல் எழுதிய ஊடகவியலாளர் ஜெ. எஸ். திசநாயகத்துக்கு 2009இல் 20 ஆண்டு கடூழியச் சிறை விதிக்கப்பட்டு, மறு ஆண்டு ஜனாதிபதி மன்னிப்பு கிடைத்தது. இவற்றில் எந்தப் பயங்கரவாதம் தடுக்கப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

இனி, நம்மில் பலர் கேட்க விரும்பாத ஒன்று. 2025 ஏப்ரல் 8இல் கிழக்கு மாகாண முன்னாள் முதலமைச்சர் பிள்ளையான் என்ற சிவநேசதுரை சந்திரகாந்தன் மட்டக்களப்பில் கைதானபோது ஊரில் திருப்தி தெரிந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் எஸ். இரவீந்திரநாத் 2006 டிசம்பரில் கொழும்பில் காணாமற் போன வழக்கு அது. அந்த வழக்கு நடக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பயன்பட்டது பயங்கரவாதத் தடைச் சட்டம், 90 நாள் தடுப்புக்காவல். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்ட வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015இல் பிள்ளையான் கைதானார். ஐந்தாண்டு உள்ளே இருந்தார். வழக்கு வாக்குமூலங்களில் நின்றது. அவற்றை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்காதபோது நிற்க வேறொன்றும் இருக்கவில்லை. 2021 ஜனவரியில் எல்லோரும் விடுதலையானார்கள். தேவாலயத்துக்குள் நடந்த கொலைக்கு இன்றுவரை குற்றவாளி இல்லை. நமக்குப் பிடிக்காதவரைப் பிடிக்கும்போதும் இந்தச் சட்டம் அதே குறுக்குவழியில்தான் போகிறது.

இதை மாற்றுகிறோம் என்று 2018இல் ஒரு மசோதா வந்தது, 2023இல் இன்னொன்று. இரண்டிலும் தடுப்புக்காவல் உத்தரவு இருந்தது. கையொப்பமிடுகிறவரின் பதவி மட்டும் மாறியது. சட்டத்தை ஒழிப்போம் என்று சொல்லி ஆட்சிக்கு வந்தவர்களும் ஒழிப்பதற்குமுன் மாற்றுச் சட்டம் பற்றியே பேசுகிறார்கள். எந்த வரைவு வந்தாலும் பெயரைப் பார்த்துப் பயனில்லை. பிடித்த ஆளை எத்தனை மணி நேரத்தில் நீதவான் காண்கிறார், கண்டால் விடுவிக்க அவருக்கு அதிகாரம் உண்டா, பொலிஸ் எழுதிய வாக்குமூலம் சாட்சியாகுமா என்று பார்க்க வேண்டும். பிறகு காலாவதி விதியைத் தேட வேண்டும். ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற பெயரோடு வந்த 1979 சட்டத்திலும் மூன்று ஆண்டுக்கு மட்டுமே என்று எழுதியிருந்தது. 1982இல் ஒரு திருத்தம் அந்த வரியை எடுத்துவிட்டது.