விமான எஞ்சினும் ‘கொஞ்சம்’ என்ற சொல்லும்

“அடுப்பைக் கொஞ்சம் குறைங்க மகள்” என்று உம்மா சொன்னால், எத்தனை பாகை என்று நாம் கேட்பதில்லை. அந்தக் ‘கொஞ்சம்’ நமக்கு விளங்குகிறது. கணினிக்கும் அதை விளங்கவைக்கலாம் என்பதுதான் ‘ஃபஸி லொஜிக்’. தமிழில் இதை ‘மங்கல் தருக்கம்’ எனலாம்.

இதற்கு அடித்தளமிட்டவர் பாகு நகரில் பிறந்து, அமெரிக்காவின் பேர்க்லியில் பேராசிரியராக இருந்த லொத்ஃபி ஸாதே. 1965இல் அவரது கட்டுரை வெளியானது. 1970களின் நடுப்பகுதியில் லண்டனில் இப்ராஹிம் மம்தானி இம்முறையால் ஒரு சிறிய நீராவி எஞ்சினைக் கட்டுப்படுத்திக் காட்டினார். 1987இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில் இம்முறையில் ஓடத் தொடங்கியது.

இனி விமானத்துக்கு வருவோம். ஜெட் எஞ்சினுக்குள் எரிபொருள் திடீரெனக் கூடினால் சுழலியின் அலகுகள் அளவுமீறிச் சூடாகும், காற்றோட்டமும் குழம்பும். மிகவும் குறைந்தால் சுவாலை அணைந்துவிடும். எனவே இன்றைய பயணிகள் விமானங்களில் ‘ஃபடெக்’ எனும் கணினியே எரிபொருளை அளந்து விடுகிறது. அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று பழுதானால் மற்றது பொறுப்பேற்கும். ஆனால் இரண்டும் ஒரே மென்பொருளில் இயங்கினால், அதிலுள்ள ஒரு பிழை இரண்டையும் ஒன்றாக வீழ்த்தலாம். ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானத்துக்கோ விலையுயர்ந்த இரட்டை ஏற்பாடு பெருஞ்சுமை.

இங்குதான் மங்கல் தருக்கம் கைகொடுக்கக்கூடும் என்று நான் கருதுகிறேன். ஓர் எளிய உதாரணம்: எஞ்சினின் வேகம் 100 ஆக இருக்கவேண்டும், அளவீடு 97 காட்டுகிறது. இவ்வேகம் ‘குறைவு’ என்பதற்கு 0.3, ‘போதும்’ என்பதற்கு 0.7 எனக் கொள்வோம். “வேகம் குறைவானால் எரிபொருளை 10 அலகு கூட்டு” என்பது ஒரு விதி. “வேகம் போதுமானால் அப்படியே விடு” என்பது இன்னொன்று. இரண்டையும் அவற்றின் நிறைப்படி சேர்த்தால், 0.3 × 10 + 0.7 × 0 = 3. மூன்று அலகு மட்டும் கூட்டினால் போதும். “வெப்பம் மிகுதியானால் எரிபொருளைக் குறை” என்று மூன்றாவது விதியையும் சேர்க்கலாம்.

இவ்வாறான சில விதிகளுக்கு ஓரிரு உணரிகளும் ஒரு மலிவான சிப்பும் போதுமானவை. பிரதான கணினியிலிருந்து முற்றிலும் வேறான வழியில் இயங்குவதால், அதன் பிழை இதைத் தொற்றாது. எரிபொருளை மிச்சப்படுத்துவதோ உச்ச வேகத்தை எட்டுவதோ இதன் வேலையல்ல. விமானத்தைப் பத்திரமாக அருகிலுள்ள ஓடுபாதையில் இறக்க உதவினால் போதும்.

ஆயினும் மலிவு என்பதற்காக எதையும் விமானத்தில் பொருத்திவிட முடியாது. எல்லாச் சூழ்நிலையிலும் அது தவறாது என்று நிரூபிப்பதுதான் சாதனத்தைச் செய்வதைவிடக் கடினமான பணி. பொறியியல் கற்க விரும்பும் தோழியருக்கு அங்கே நிறைய வேலை காத்திருக்கிறது. உயிர்காக்கும் ஏற்பாடு பெரிய விமானத்துக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது அல்லவா?