ஒரு மாட்டுவண்டிக்கு எட்டு கார்

மும்பை–புனே விரைவுச்சாலையில் முதல் கான்கிரீட் விழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதற்கான வேலை காகிதத்தில் ஆரம்பித்துவிட்டது. 1990இல் மகாராஷ்டிர அரசு, ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ரைட்ஸ் நிறுவனத்தையும் பிரிட்டனின் ஸ்காட் வில்சன் கிர்க்பாட்ரிக் நிறுவனத்தையும் ஆலோசகர்களாக அமர்த்தியது. சுங்கம் வசூலித்து நடத்தும் புதிய சாலை இங்கே கட்டுப்படியாகுமா என்பதுதான் கேள்வி. 1994இல் ரைட்ஸ் அறிக்கை கொடுத்தது. மதிப்பீடு 1,146 கோடி ரூபாய். 1997இல் பணி மாநிலச் சாலை மேம்பாட்டுக் கழகத்தின் கைக்கு வந்தது, 30 ஆண்டுகள் சுங்கம் வசூலிக்கும் உரிமையோடு.

இன்னும் போடாத சாலையில் எத்தனை வண்டி ஓடும் என்று எப்படிச் சொல்வது? பழைய சாலையின் ஓரத்தில் ஆட்களை உட்கார வைத்துத்தான். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஏழு நாள், இரவு பகலாகக் கணக்கெடுப்பு நடக்கும். நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் அந்தப் பழைய முறையில் எண்ணிய தாள்களின் மேல்தான் பல கோடி ரூபாய்த் திட்டங்கள் நின்றிருக்கின்றன. வண்டிகளை அப்படியே கூட்டிவிடவும் முடியாது. எல்லாவற்றையும் காராக மாற்ற வேண்டும்: மோட்டார் சைக்கிள் அரை கார், லாரி மூன்று, டிரெய்லர் மாட்டிய டிராக்டர் நாலரை, மாட்டுவண்டி எட்டு. இடத்தை மட்டுமல்ல, பின்னால் வருபவர் இழக்கும் வேகத்தையும் சேர்த்து அளக்கிறது இந்தக் கணக்கு.

சாலையின் ஆயுளைக் கணக்கிடும்போது நிலைமை தலைகீழாகிறது. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை மாதக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்த சோதனையில், தேய்மானம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்காகக் கூடுவது தெரிந்தது. எட்டு டன் சுமக்கும் ஒரு லாரி அச்சு, அரை டன் சுமக்கும் 65,000 கார் அச்சுகளுக்குச் சமம். அந்த அச்சின் மேல் விழும் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடினால் சாலைக்குச் சேதம் இரண்டு மடங்கு. தார்ச்சாலை குண்டும் குழியுமானால் கார்க்காரர்கள் ஒருவரை ஒருவர் நொந்துகொள்வதில் நியாயமே இல்லை.

மண்ணையும் சும்மா விடுவதில்லை. தக்காணத்தின் கரிசலை உருளைப் பாத்திரத்தில் இடித்து நிரப்பி, நான்கு நாள் தண்ணீரில் ஊற வைத்து, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டை நிமிடத்துக்கு 1.25 மில்லிமீட்டர் வேகத்தில் இறக்குவார்கள். அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதை வைத்தே மேலே எத்தனை அடுக்கு வேண்டும் என்று முடிவாகும். செலவும் அதைப் பொறுத்ததே.

ஆனால் அறிக்கையில் எனக்கு மிகவும் பயம் தருவது ஒரே ஒரு சின்ன எண்: போக்குவரத்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வளரும்? ஐந்து என்று எழுதினால் 20 ஆண்டில் வண்டிகள் 2.65 மடங்கு. ஏழு என்றால் 3.87 மடங்கு. கடன் கொடுப்பவரும் சுங்கம் எதிர்பார்ப்பவரும் இந்த எண்ணைத்தான் நம்புகிறார்கள். பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அமர்த்தப்பட்ட ஆலோசகருக்கு அதைச் சற்றே கூட்டிப் போட ஆசை வரும். ஆய்வாளர் பென்ட் ஃப்ளூபியர்க்கின் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 183 சாலைத் திட்டங்களில் பாதியில் கணிப்புக்கும் நடப்புக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தது. கூடவும் இருந்தது, குறையவும் இருந்தது. பொதுப்பணத்தில் வரும் ஒவ்வொரு திட்ட அறிக்கையிலும் இந்த வளர்ச்சி எண் உள்ள ஒரு பக்கத்தையாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

விரைவுச்சாலை 2002இல் முழுமையாகத் திறந்தது. சமவெளியில் அது சொன்னபடி ஓடியது, இடறியது மலையில். கண்டாலா அருகே விரைவுச்சாலையின் ஆறு தடங்களும் பழைய நெடுஞ்சாலையின் நான்கு தடங்களும் ஒன்றுசேர்ந்து ஆறுக்குள் நெருக்கியடிக்க வேண்டியிருந்தது. விடுமுறை நாள்களில் அங்கே வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. அதைத் தீர்க்கவே கோப்போலிக்கும் குஸ்காவுக்கும் இடையே 13.3 கிலோமீட்டர் இணைப்பு வகுக்கப்பட்டது. அதில் ஒரு சுரங்கம் மட்டுமே ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். மலைப்பாதையில் மிச்சமாகும் தூரம் ஆறு கிலோமீட்டர்.