பிடியரிசியில் புறப்பட்ட ஊழியம்

கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் வருகிற கூட்டம் கடலில் முழுகி, முருகனைக் கும்பிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடும். ஊருக்குத் தென்மேற்கே, பரமன்குறிச்சிப் பக்கம், செம்மண் தேரியும் பனையுமாகக் கிடக்கிற பூமிக்குள் வெள்ளாளன்விளை என்றொரு கிராமம் இருப்பது அந்தக் கூட்டத்தில் பலருக்குத் தெரிய நியாயமில்லை. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயராக உயர்ந்த முதல் இந்தியர் வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்த ஊர் அது. 1874 ஆகஸ்ட் 17 அன்று பிறந்தார். அப்பா தாமஸ் வேதநாயகம் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் ஐயர், அதாவது போதகர். பக்கத்து மெய்ஞ்ஞானபுரத்தில் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போய், அங்கேயே கிறிஸ்தவரானவர். நெடுங்காலம் காத்திருந்து பிறந்த பிள்ளை என்பதால், வேதாகமத்து அன்னாளைப் போலவே அம்மாவும் மகனுக்கு சாமுவேல் என்று பெயரிட்டாள்.

விசுவாசத்தில் வைராக்கியம் என்றதும் இன்று நம் கண்முன் வருவது மேடை, மைக், கையை உயர்த்தி முழங்கும் பிரசங்கியார், பஸ் ஸ்டாண்டில் கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரம். அதிலும் உண்மையான தாகம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அசரியாவின் வைராக்கியம் வேறு திசையில் கிளம்பியது. அடுத்தவனைப் பார்த்து ‘நீ தப்பு’ என்று சொல்வதற்கு முன், தன் சபையைப் பார்த்து ‘நாம் தப்பு’ என்று சொன்னார்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பி.ஏ. பட்டம் கைக்கு வரவில்லை. கணக்குப் பரீட்சை எழுதாமல் போயிற்று. 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுக்க அலைந்தார். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது ஒரு செய்தி அவரை உலுக்கியது. அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தாங்களே காசு சேர்த்து, கடலுக்கு இக்கரையில் தொண்டிப் பக்கம் ஊழியம் நடத்திக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிச் சபையோ நூறாண்டுக்கு மேல் வயதானது. 1799இல் முதலூர் உருவானதிலிருந்து கணக்குப் பார்த்தால்கூட அப்படித்தான். கோயில் கட்டியாயிற்று, பள்ளிக்கூடம் கட்டியாயிற்று. அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் வரவில்லை. எதுவென்றாலும் துரைமார் பார்த்துக்கொள்வார்கள் என்ற சுகம். அந்தச் சுகம்தான் அசரியாவுக்கு உறுத்தியது.

அந்த உறுத்தலில்தான் 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. ஆள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியர் கையில். மூன்றே ஆண்டுக்குள், 1905 கிறிஸ்துமஸ் அன்று, வங்காளத்து செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம். சுதேசி இயக்கம் அதே வங்காளத்தில் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டு அது.

பணம் இந்தியருடையது என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். எந்த இந்தியர்? விடியுமுன் பனையேறி, கலயத்தில் பதநீர் இறக்குகிறவர். வீட்டில் அந்தப் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் அவர் மனைவி. அன்றைக்குப் பெரிய இந்துக் கோயில்களின் வாசலைக்கூடத் தாண்ட முடியாமல் நிறுத்தப்பட்டிருந்த சமூகம். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைக்கும் பழக்கம் திருநெல்வேலிக் கிறிஸ்தவப் பெண்களிடம் உண்டு. பானை நிறைந்ததும் அது கோயிலுக்குப் போகும். ஸ்தோத்திரப் பண்டிகையன்று சேவலும் முட்டையும் வாழைத்தாரும் வாழைக்காயுமாகக் கோயில் வளாகத்தில் குவியும். ஏலம் கூறி, சொந்தக்காரரே தம் சேவலை இரட்டை விலைக்கு ஏலம் எடுக்கிற வேடிக்கையும் நடக்கும். இப்படிச் சேர்கிற காசை நம்பித்தான் நிஜாம் சமஸ்தானத்து தோர்ணக்கல்லுக்குத் தமிழ் ஊழியர்கள் போனார்கள். மொழி தெலுங்கு, ராஜா வேறு, ஊர்க்காரர் ஒருவரையும் தெரியாது. அந்தக் காலத்தில் அது வெளிநாடு மாதிரிதான்.

மற்றவர்களை அனுப்பிவிட்டுச் செயலாளர் நாற்காலியில் இருந்துகொள்ள அசரியாவுக்கு மனம் ஒப்பவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, முப்பத்தைந்து வயதில் தெலுங்கு அரிச்சுவடியைக் கையில் எடுத்துக்கொண்டு தோர்ணக்கல்லுக்குத் தாமே குடிபோனார். மனைவி அன்பு, திருநெல்வேலிச் சபையில் கல்லூரிப் படிப்பைத் தொட்ட முதல் பெண்களில் ஒருவர். கூடவே போய், பெண்கள் மத்தியில் உழைத்தார். இந்த அம்மாளைப் பற்றி நம் சபைச் சரித்திரங்கள் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு ஆத்திரமூட்டும்.

அடுத்த ஆண்டு ஜூனில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு. பிரதிநிதிகள் சுமார் 1,200 பேர்; வெள்ளையர் அல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த மேடையில் அசரியாவுக்குக் கொடுத்த தலைப்பு, அந்நிய ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் ஒத்துழைப்பது. வந்தவர்கள் நன்றியுரை ஒன்றை எதிர்பார்த்திருக்கலாம். அவர் நன்றியும் சொன்னார். கூடவே, மிஷனரிகள் இந்திய ஊழியர்களோடு பழகும் விதத்தையும் போட்டு உடைத்தார். ஒரே ஜில்லாவில் வருஷக்கணக்காக வேலை பார்த்தும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. கைகுலுக்கவே தயங்குகிறவர்கள் உண்டு. ஏழைக்கு உணவு கொடுத்தீர்கள், உங்கள் உயிரையும் கொடுத்தீர்கள், அது பெரிது. எங்களுக்கு வேண்டியது சிநேகிதர்கள் என்பதுதான் அவர் முடித்த முடிவு.

அரங்கம் நெளிந்தது. சில மிஷனரிகளுக்கு முகம் சிவந்தது. தங்கள் சம்பளத்தில் வளர்ந்த பிள்ளை தங்களையே கேள்வி கேட்கிறானே என்ற கோபம். யோசித்துப் பாருங்கள்: பதவிக்காக அங்கே போயிருந்தால், வாயை மூடிக்கொண்டு திரும்புவதுதான் புத்திசாலித்தனம். ஏனென்றால் அவரைப் பேராயராக்க வேண்டும் என்று சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் பாடுபட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப்பும் பலமாக இருந்தது. வெள்ளையர் மட்டுமல்ல, நம்மவர்களே ‘இவருக்கா?’ என்று முகம் சுளித்தார்கள். ஆனாலும் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அபிஷேகம் நடந்தது. தோர்ணக்கல்லின் முதல் பேராயர் ஆனபோது அவருக்கு வயது 38.

மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராகப் போனார். அங்கே சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். ஊருக்கு வெளியே ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தலைமேல் கைவைத்துக்கொள்ளச் சொல்வார். நற்செய்தியைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு ஐயோ என்று பவுல் எழுதியதன் கருத்தை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்வார். நேற்று வரை எழுத்து தெரியாத கூலிக்காரருக்கு, இன்று முதல் பேசும் பொறுப்பு. இதைவிடப் பெரிய மரியாதையை அந்த ஜனங்களுக்கு வேறு யாரும் அப்போது கொடுத்ததாகத் தெரியவில்லை. அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று கதை கட்ட வேண்டாம். மாலாவுக்கும் மாதிகாவுக்கும் இருந்த பிணக்கு கோயிலுக்குள்ளும் கூடவே வந்தது. கடைசிவரை அது அவருக்குத் தலைவலி.

தோர்ணக்கல் பேராலயம் 1939இல் பிரதிஷ்டையானது. அதில் மசூதிக் குவிமாடத்தின் சாயல் உண்டு, திராவிடக் கோயில் தூண்களின் சாயல் உண்டு, தாமரையும் உண்டு. தன் விசுவாசத்தில் சந்தேகமே இல்லாதவருக்குத்தான் இப்படி அக்கம்பக்கத்துக் கலையைக் கூச்சமின்றி எடுத்தாள முடியும்.

1935 அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். மதமாற்றம் நாடெங்கும் வாக்குவாதமாயிற்று. கூட்டங்கூட்டமாக மதம் மாறுவதை காந்தியடிகள் கடுமையாக எதிர்த்து எழுதினார். அசரியா பணியவில்லை, மனசாட்சிப்படி மாறும் உரிமை தாழ்த்தப்பட்டவருக்கும் உண்டு என்று நின்றார். காந்தியை எதிர்த்ததால் அவர் வெள்ளைக்காரன் பக்கம் என்று முடிவு கட்டினால் தவறு. கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி என்ற ஆசை காட்டப்பட்டபோது வேண்டாம் என்றவரும் அவரே. சபை ஓர் அரசியல் கட்சியாகச் சுருங்கிவிடும் என்பது அவர் அச்சம். சலுகை வருகிறது என்றால் கைநீட்டுகிற கூட்டத்தின் நடுவே இதைச் சொல்வதற்கு, காந்தியை மறுப்பதைவிட அதிக நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் முன்பே, 1919 மே மாதம் தரங்கம்பாடியில் சபைப் போதகர்களைக் கூட்டி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விடச் செய்தார். உங்கள் நாட்டுச் சண்டைகளை எங்கள் தலையில் ஏன் கட்டினீர்கள் என்பதே அதன் சாரம். 28 ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. பார்க்க அசரியா இல்லை. 1945 புத்தாண்டு அன்று தோர்ணக்கல்லில் காலமாகிவிட்டார்.

வெள்ளாளன்விளை இன்று தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலத்தைச் சேர்ந்தது. திருமண்டலத் தேர்தல் வந்தால் இந்தப் பக்கம் அணி பிரிந்து, கோர்ட்டுப் படியேறி, சட்டமன்றத் தேர்தலே தோற்றுப்போகும் அளவுக்குக் களைகட்டுகிறது. இந்திய மிஷனரி சங்கத்து ஊழியர்கள் மட்டும் இன்றும் வட மாநிலக் கிராமங்களில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கான காணிக்கையும் இந்தத் தேரிக்காட்டு ஊர்களிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது.