2167-இல் ஒரு மனு

கனடாவின் கியூபெக் நகரில் 2017 ஜனவரி 29 இரவு, தொழுகை முடிந்த வேளையில் மசூதிக்குள் நுழைந்த அலெக்சாண்டர் பிசனெட் 6 பேரைச் சுட்டுக் கொன்றான். அப்போது அவனுக்கு வயது 27. பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். ஆக, வழக்காட மிஞ்சியது ஓர் எண்தான்: எத்தனை ஆண்டு கழித்து அவன் பரோல் கேட்கலாம்?

நம்மூர் சிறைவாசி பரோலில் வருவது அம்மாவின் சாவுக்கோ மகளின் கல்யாணத்துக்கோ. சில நாளில் திரும்பிவிட வேண்டும். கனடாவில் பரோல் என்பது எஞ்சிய தண்டனையைக் கண்காணிப்பின் கீழ் வெளியே கழிக்கும் அனுமதி. திட்டமிட்ட கொலைக்கு அங்கே ஆயுள் தண்டனை கட்டாயம். 25 ஆண்டு ஆனதும் விடுதலை என்று நினைத்துவிடக் கூடாது. மனுப் போடும் தகுதி மட்டுமே வருகிறது. பரோல் வாரியம் மறுத்துவிடலாம். அனுமதித்தாலும் தண்டனை சாகும்வரை தீராது. நிபந்தனையை மீறினால் மறுபடி சிறைதான். 1976-இல் கொலைக்கான தூக்குத் தண்டனையை ஒழித்தபோது வகுத்த ஏற்பாடு இது.

2011-இல் வந்த சட்டம், பலரைக் கொன்றவனுக்கு உயிருக்கு 25 என்று அடுக்கிக்கொண்டே போக நீதிபதிக்கு அதிகாரம் தந்தது. அரசுத் தரப்பு ஆறையும் பெருக்கி 150 கேட்டது. கைதான நாளிலிருந்து கணக்கு என்பதால், பிசனெட் முதல் மனுவைப் போடுவது 2167-இல், தன் 177-வது வயதில்!

நீதிபதி பிரான்சுவா உவோவுக்கு 150 கொடுமையாகவும் 25 குறைவாகவும் பட்டது. ஆனால் சட்டமோ இருபத்தைந்து இருபத்தைந்தாகத்தான் கூட்டவிடும். அவரே சட்டத்தைச் சற்று வளைத்து, ஆறாவது உயிருக்கு 15 சேர்த்து, 40 என்று தீர்ப்பளித்தார். அது 2019 பிப்ரவரி 8. அதே நாளில் டொராண்டோவில் புரூஸ் மெக்கார்தர் என்ற தொடர் கொலைகாரனுக்கும் தண்டனை அறிவிக்கப்பட்டது. அவன் கொன்ற 8 பேரில் இருவர் இலங்கைத் தமிழர். அவனுக்கு 25 ஆண்டுதான். வயது 67 ஆகிவிட்டது, 91-இல்தான் மனுவே போட முடியும், குற்றத்தையும் ஒப்புக்கொண்டான் என்பவை அங்கே சொல்லப்பட்ட காரணங்கள். ஆறு உயிருக்கு 40, எட்டு உயிருக்கு 25. உயிரை எண்ணி ஆண்டு கூட்டும் சட்டம், அமலில் இருந்தபோதே அப்படி எண்ணிவிடவில்லை.

பிசனெட் மேல்முறையீடு செய்தான். சட்டத்தைத் திருத்தி எழுதுவது நீதிபதி வேலையல்ல, அந்தச் சட்டமே செல்லாது என்று 2020-இல் கியூபெக் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, 25-க்கு இறக்கியது. 2022 மே 27 அன்று உச்ச நீதிமன்றமும் ஒருமனதாக ஆமோதித்தது. தலைமை நீதிபதி ரிச்சர்ட் வாக்னர் எழுதிய தீர்ப்பு, குற்றம் எவ்வளவு கொடியது என்பதைக் குறைத்துப் பேசவில்லை. திருந்தி வெளியே வரும் வாய்ப்பையே முன்கூட்டி அடைத்துவிடும் தண்டனை மனித மாண்புக்கு ஒவ்வாது என்பதே அதன் வாதம். சட்டம் 2011 முதலே செல்லாததாயிற்று. இதனால், கனடாவின் மாங்டன் நகரில் 2014-இல் மூன்று போலீசாரைக் கொன்றவனுக்கு அதே சட்டப்படி விதித்த 75 ஆண்டும் 2023-இல் 25 ஆனது.

எனக்கு இந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது; மனித ஆயுளைத் தாண்டிய எண் வெறும் அறிவிப்புதான். ஆனால் இதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிசனெட் 2042-இல், 52 வயதில் மனுப் போடலாம். வாரியம் மறுத்தால் பிறகும் போடலாம். எதிர்த்துப் பேச நினைக்கும் குடும்பங்கள் ஒவ்வொரு விசாரணையிலும் தங்கள் இழப்பை மறுபடி எடுத்துச் சொல்ல வேண்டும். 2011 சட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்னவற்றில், இந்த ஒன்றுக்குத் தீர்ப்பிலும் மருந்தில்லை.